புரோட்டா மாஸ்டர் குடியை விட்டதும் ஊர் நடுங்கிய கதை

சாத்தனேரிக்காரர்கள் யாரிடம் கேட்டாலும் அந்த மத்தியான பஸ்ஸிலிருந்துதான் தொடங்குவார்கள். நயினா பாய் ஓட்டலில் புரோட்டா மாஸ்டராக இருந்த குத்தாலிங்கம், காலையில் எழுந்ததும் இரண்டு கையும் நடுங்கி, டம்ளரை வாய்க்குக் கொண்டுபோக முடியாமல், அந்த நடுக்கத்தை நிறுத்தக் குடித்து, குடித்த பிறகே மாவை வீசக் கை நின்று, இப்படியே பல வருசம் ஓட்டிய குத்தாலிங்கம், திருநெல்வேலியில் ஒரு மறுவாழ்வு மையத்தில் படுத்து எழுந்து, மனைவி ஆவுடையோடு அந்தப் பஸ்ஸில் ஊருக்குத் திரும்பி வந்தார். புறப்படும்போது அங்கிருந்த டாக்டர் அவரைக் கையை நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஒரு காகிதத்தை வைத்துப் பார்த்திருந்தார். காகிதம் அசையவில்லை. "நடுக்கம் போயிட்டு, சந்தோசமா போயிட்டு வாங்க" என்று அனுப்பிவைத்தார். போய்விட்டது என்று சொன்னாரே தவிர, எங்கே போனது என்று டாக்டரும் சொல்லவில்லை, ஆவுடையும் கேட்கவில்லை. அது அவர்களுக்கு முந்தின பஸ்ஸில் ஊருக்கு வந்து காத்துக்கொண்டிருந்தது.

குத்தாலிங்கம் படியிலிருந்து இறங்கிக் காலைத் தரையில் வைத்தார். எதிரே டீக்கடையில் கண்ணாடிக் கிளாஸ்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கலகலத்தன. சைக்கிள் கடைத் தகரக் கூரை படபடத்தது. பிள்ளையார் கோயில் மணி யாரும் தொடாமல் தானே அடித்துக்கொண்டது. மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் வாயில் இருந்த இலையை மெல்லாமல் அப்படியே நின்று யோசித்தன. பூகம்பம் என்று யாரோ கத்த, வீடுகளுக்குள் இருந்தவர்கள் எல்லாம் ரோட்டுக்கு ஓடிவந்தார்கள். வந்தவர்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு ஆடி நிற்க, அத்தனை பேருக்கும் நடுவில் ஆடாமல் நின்ற ஒரே ஆள் குத்தாலிங்கம்தான். அவருடைய கைகள் இரண்டும் நட்டுவைத்த கம்பு மாதிரி நேராகத் தொங்கின.

மண்ணை ஆராய்கிற ஆபீசிலிருந்து இரண்டு பேர் ஒரு மெஷினோடு வந்து, அது தானே ஆடிக்கொண்டிருந்ததால் ஒன்றையும் காட்டாமல் போக, டீயைக் குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். பிறகு குத்தாலிங்கம் கடையநல்லூரில் தங்கச்சி வீட்டு விசேஷத்துக்குப் போனபோது சாத்தனேரி அசையாமல் கிடந்தது. கடையநல்லூரில் தங்கச்சி வீட்டுத் தெருவில் பந்தல் ஆடி வாழைமரம் சாய்ந்தது. அதற்கு மேல் ஆராய்ச்சி தேவைப்படவில்லை. "நடுக்கம் மாஸ்டர் கையை விட்டு எறங்கி நம்ம தரையைப் பிடிச்சிட்டு" என்று ஊர் சொன்னது. சொல்லிவிட்டு, ஆடுகிற ஊரில் எப்படிச் சோறு வடிப்பது என்று யோசிக்கத் தொடங்கியது.

பெண்கள்தான் முதலில் வழி கண்டுபிடித்தார்கள். தயிர்ப் பானையை உறியில் தொங்கவிட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போனால், திரும்பி வரும்போது வெண்ணெய் திரண்டு மிதந்தது. சல்லடையில் மாவைக் கொட்டித் தரையில் வைத்தால் போதும். தொட்டில்கள் தாமாக ஆடின, பிள்ளைகள் எழுந்திருக்கவே மறந்து தூங்கின. புளியமரங்களில் ஏறி உலுக்கும் வேலை இல்லாமல் போனது. டெய்லர் தைத்த ரவிக்கையில் தையல் வளைந்து நெளிந்து ஓட, தென்காசியிலிருந்து வந்த ஒரு பெண் அதைப் புது டிசைன் என்று நினைத்து ஆறு வாங்கிப்போக, அப்புறம் தென்காசியே தேடி வந்தது. வெகுகாலமாகக் கை நடுக்கத்தால் வெளியே வரக் கூச்சப்பட்டுக்கொண்டிருந்த பழைய தபால்காரர், இப்போது எல்லாரும் தன்னைப் போலத்தான் என்று சட்டையை மாட்டிக்கொண்டு தினமும் கடைத்தெருவுக்கு வந்து உட்கார்ந்தார்.

கஷ்டப்பட்டவர்களும் இருந்தார்கள். ஸ்டூடியோ வைத்திருந்த செண்பகராஜ் எடுத்த படங்களில் எல்லாருக்கும் நாலு கண் இருந்தது. கேரம் போர்டில் காய் தானாகப் போய்க் குழியில் விழுந்தது. முடிதிருத்தும் கடைக்காரர் கத்தியைப் பூட்டி வைத்துவிட்டு மாமியார் ஊருக்குப் போய்விட, ஆண்கள் எல்லாரும் தாடி வளர்த்தார்கள்.

ஆனால் அதற்கும் வழி பிறந்தது. நடுங்குகிற ஊரில் நடுங்காத கை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஊசியில் நூல் கோக்க, கண்ணுக்குச் சொட்டு மருந்து விட, குழந்தைக்கு நகம் வெட்ட, எல்லாவற்றுக்கும் குத்தாலிங்கத்தைக் கூப்பிட்டார்கள். சவரம்கூடப் பழகிக்கொண்டார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை தாலியை மூன்று தடவை பக்கத்தில் நின்ற மாமன் காதில் கட்டப் போக, கடைசியில் மாஸ்டரை மணவறையில் ஏற்றி, பின்னால் நின்று மாப்பிள்ளையின் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொள்ளச் சொல்லித்தான் முடிச்சு விழுந்தது. குடிகாரன் என்று பந்தி முடிந்த பிறகு கூப்பிட்டுச் சோறு போட்ட ஊர், அன்றைக்கு அவரை முதல் பந்தியில் உட்காரவைத்தது.

இருதயமேரி ஊருக்குள் வந்தது அந்த நாட்களில்தான். குடியை விட்டவர்களுக்குத் துணை நிற்க, மறுவாழ்வு மையத்திலிருந்து செவ்வாய்க்கிழமைதோறும் காலை பஸ்ஸில் கறுப்புக் குடையோடு வருவாள். முதல் தடவை டீக்கடையில் வழி கேட்டபோது, நீங்கள் யார் என்று கேட்டதற்கு "ரெக்கவரி கோச்" என்று சொல்லிவிட்டாள். ரெக்கவரி என்ற வார்த்தை அவளுக்கு முன்னால் தெருவுக்குள் ஓடியது. அவள் ஆவுடை வீட்டை அடைவதற்குள் தவணை பாக்கி வைத்திருந்தவர்கள் எல்லாரும் பைக்கை வைக்கோல் படப்புக்குள் தள்ளிவிட்டார்கள். கோச் என்பதை மட்டும் கேட்டவர்கள் பள்ளிக்கூடத்துக்குக் கபடி சொல்லிக்கொடுக்க வந்திருக்கிறாள் என்று நினைத்தார்கள்.

குத்தாலிங்கமும் அவளை நம்பவில்லை. ஓட்டலின் பின்பக்கம், வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு பேசினார்.

"நீங்க என்னக்கா சொல்லப் போறிய? குடிக்காதன்னு சொல்லுவிய. அதைத்தான் என் பொண்டாட்டி கல்யாணம் ஆன நாள்லேருந்து சொல்லிட்டு இருக்கா."

"நான் சொல்ல வரல மாஸ்டர். கேக்க வந்தேன்."

"குடிச்சவன் பாடு ஒங்களுக்கு என்ன தெரியும்?"

"நான் இருமலே இல்லாம ஆறு வருசம் இருமல் மருந்து குடிச்சவ" என்றாள் இருதயமேரி. "நர்ஸா இருந்தேன். எடுத்துக் குடிக்க வசதி. எங்க வீட்டுக்காரரு நான் ரொம்ப நோயாளின்னு வேளாங்கண்ணிக்கு மொட்டை போடுதேன்னு நேந்துக்கிட்டாரு. போட்டும் வந்தாரு."

குத்தாலிங்கம் சிரித்துவிட்டார். பல மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. அவர் சிரித்து முடிக்கிறவரை ஓட்டலில் டம்ளர்கள் சத்தமில்லாமல் நின்றதை நயினா பாய் கல்லாவிலிருந்து பார்த்தார்.

பிறகு அவள் கேட்டாள். எப்போது வருகிறது அந்த நினைப்பு? சாயந்தரம், கல் காயும்போது என்றார். குடித்தால் என்ன கிடைத்தது? கை நிற்கும், சூடு தெரியாது, கொத்துகிற சத்தம் காதுக்குள் போகாது, எதிரே நிற்கிற கூட்டம் கூட்டமாகத் தெரியாது. அப்படியென்றால் அந்த நேரத்துக்கு வேறு என்ன செய்யலாம் என்று தோன்றுகிறது? அவள் எதையும் தானாகச் சொல்லவில்லை, குடையின் மேல் தாடையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவர்தான் யோசித்து யோசித்துச் சொன்னார். கல் காய்கிற நேரம் நயினா பாயின் மச்சினன் நின்றுகொள்ளட்டும். உப்புப் போட்ட எலுமிச்சம் தண்ணீர் ஒரு சொம்பு. வாய்க்கால் கரைவரை ஒரு நடை. அப்பவும் முடியாவிட்டால் அக்காவுக்குப் போன்.

"அது ஏறும் மாஸ்டர். ஏறிக்கிட்டே போவும்னு பயமா இருக்கும். போவாது. கொஞ்ச நேரம் நிக்கும், அப்புறம் எறங்கிரும். அதோட மல்லுக்கட்டாண்டாம். இருந்தாப் போதும்."

இதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உலகத்தில் வேறு எந்தக் குடிகாரருக்கும் இல்லாத ஒரு கஷ்டம் குத்தாலிங்கத்துக்கு இருந்தது. அவருக்கு நினைப்பு ஏற ஏற ஊரின் ஆட்டமும் ஏறியது. சாயந்தரமானால், "மாஸ்டருக்கு ஞாபகம் வந்துட்டு!" என்று வீட்டுக்கு வீடு குரல் கொடுத்துக்கொண்டு, பெண்கள் அடுப்பிலிருந்த பாத்திரத்தை இறக்கித் தரையில் வைத்தார்கள். வைத்துவிட்டு எல்லாரும் அவருக்குப் புத்தி சொல்லக் கிளம்பினார்கள். ஒருத்தி பாகற்காய்ச் சாறோடு வந்தாள். ஹெட்மாஸ்டர் பள்ளிக்கூடத்திலிருந்து கல்லீரல் படத்தைக் கழற்றிக்கொண்டு வந்து ஓட்டல் சுவரில் மாட்டினார், அதைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் ஈரல் வறுவல் வேண்டாம் என்றார்கள். தோத்திரம் பாடுகிறவர்கள் வந்தார்கள், ஓதித் தண்ணீர் தருகிறவர்கள் வந்தார்கள், மூச்சை அடக்கச் சொன்னவர்களும் அடக்காதே என்றவர்களும் அவர் முன்னாலேயே சண்டை போட்டார்கள். காலையில் ரோட்டில் போனால், "என்ன மாஸ்டர், நேத்து நாலு மணிக்கே வந்துட்டு போலிருக்கே?" என்று விசாரித்தார்கள்.

"ஒரு மனுசனுக்கு ரகசியமா ஒரு ஆசை வரக்கூடாதாக்கா?" என்று இருதயமேரியிடம் அழுதார்.

"எனக்கு வந்தப்ப ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது மாஸ்டர்" என்றாள் அவள். "தெரிஞ்சிருந்தா ஆறு வருசம் ஆயிருக்காது."

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு சாயந்தரம் ஸ்டூடியோ செண்பகராஜ் பாஸ்போர்ட் படங்களை மேசைமேல் வீசி, "ஒம்ம நாக்கு அரிப்புக்கு நான் பட்டினி கெடக்கணுமாவே?" என்று நாலு பேருக்கு முன்னால் கேட்டுவிட்டார். குத்தாலிங்கம் ஏப்ரனைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டு, மழையில் இறங்கி, வாய்க்கால் பக்கம் போகாமல் பைபாஸ் மதுக்கடைப் பக்கம் நடந்தார்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் ஊர் நின்றது.

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு சந்தோசம் வந்தது. செண்பகராஜ் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து கண்ணில் பட்டவர்களை எல்லாம் படம் எடுத்தார். கேரம் போர்டை வெளியே எடுத்தார்கள். ஒருத்தி நெளியாத கோலம் ஒன்று போட்டுப் பார்க்க ஆசைப்பட்டு, மழை என்பதையும் மறந்து மாவோடு வாசலுக்கு வந்தாள். வந்தவள் அப்படியே நின்றாள். ஊர் அவ்வளவு அமைதியாக இருந்தது. ஓட்டுக்கூரையிலிருந்து விழுகிற ஒவ்வொரு சொட்டும் தனியாகக் கேட்டது. ஏன் அமைதி என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டுக்கு வீடு உறைத்தது. காய்கள் நகரவில்லை, படம் எடுக்க யாரும் சிரிக்கவில்லை.

ஆவுடை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் டம்ளரில் இருந்த தண்ணீர் கண்ணாடி மாதிரி அசையாமல் நிற்பதைப் பார்த்தாள். அரிவாள்மனையை மடக்கி வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள். தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து வாசலில் நின்றார்கள். ஒருத்தி உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

ஆவுடை போன் பண்ண, மறுநாள் முதல் பஸ்ஸில் இருதயமேரி வந்தாள். குத்தாலிங்கம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நடுக்கம் அவர் கைக்கே திரும்பி வந்து, போர்வை ஆடிக்கொண்டிருந்தது.

"எல்லாம் போச்சுக்கா."

"என்ன போச்சு?"

"இத்தன நாள் இருந்ததெல்லாம்."

"இருந்த நாள் எங்க மாஸ்டர் போவும்? அது இருந்த நாள்தான். சாப்பிட்டியளா?"

"இல்ல."

"ஆவுடை, இட்லி இருக்கா? எனக்கும் ரெண்டு வையி. வெறும் வயித்தோட பஸ் ஏறிட்டேன்."

சாப்பிடும்போது அவள் கேட்டாள். குடிக்கப் போக வேண்டும் என்று எந்த இடத்தில் முடிவு செய்தார்? செண்பகராஜ் பேசியபோதா? இல்லை. மழையில் இறங்கியபோதா? அதுவும் இல்லை. பைபாஸ் பாலத்தடியில் ஒதுங்கி நின்றபோது போனைக் கையில் எடுத்தார், அவள் பேர்வரைக்கும் வந்தார், பிறகு சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அங்கேதான்.

"ஏன் போட்டிய?"

"மழை நேரம். ஒங்களை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு..."

"தொந்தரவு பண்ணத்தான் மாஸ்டர் நான் இருக்கேன்!" என்றாள், முதல் தடவையாகச் சத்தமாக. "இதுதான் எனக்கு வேலை. நீங்க தொந்தரவு பண்ணலன்னா என்னை வேலையை விட்டுத் தூக்கிருவாக."

அன்றைக்கே அவரை டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் திரும்பி வந்து, கொஞ்ச நாள் வீட்டில் படுத்துக் கிடந்தார். ஒரு காலையில் ஆவுடை அடுப்படியில் நிற்கும்போது பரணில் கவிழ்த்து வைத்திருந்த தட்டுகள் லேசாகக் கிணுகிணுத்தன. அவள் கையில் இருந்த கரண்டியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். குத்தாலிங்கம் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கையையும் முன்னால் நீட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கை நின்றிருந்தது. கட்டில் ஆடியது. அதற்குள் தெருவில் சத்தம் கேட்டது. "வந்துட்டு! மாஸ்டர் வந்துட்டாரு!" எதிர்வீட்டுக் குழந்தையின் தொட்டில் ஆடத் தொடங்கியிருந்தது. செண்பகராஜ் மட்டும் ஸ்டூடியோவைப் பூட்டிவிட்டு வந்து, ஓட்டலில் உட்கார்ந்து, இரண்டு புரோட்டா கேட்டார்.

தை பிறந்த பிறகு தண்ணீர்த் தொட்டி விவகாரம் வந்தது. ஊருக்கு நடுவில் உயரமாக நின்ற குடிநீர்த் தொட்டியின் கால்களில் விரிசல் விட்டிருந்தது. பார்க்க வந்த இன்ஜினியர் தூரத்தில் நின்றே பார்த்துவிட்டு, இந்த ஆட்டம் இப்படியே போனால் தொட்டி தரைக்கு வந்துவிடும் என்றார். முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர் சிதம்பரவேல் கொதித்துப்போனார். தொட்டி அவர் காலத்தில் கட்டியது. அதன் வயிற்றைச் சுற்றி அவர் பேர் ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தது. எப்போதும் கசங்காத வெள்ளைச் சட்டையும், பேசும்போது வானத்தைப் பார்க்கிற வழக்கமும் உள்ள மனிதர். கூட்டம் போட்டார். மாஸ்டர் ஊரை விட்டுப் போகவேண்டும் என்றார்கள் சிலர். போனால் நூல் கோப்பது யார் என்றார்கள் வேறு சிலர். கடைசியில் சிதம்பரவேல் வானத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அவரு போவாண்டாம். தெனமும் கொஞ்சமா குடிச்சாப் போதும். நாம மரியாதையாக் கேப்போம்."

மரியாதையாகத்தான் கேட்டார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை சாயந்தரம், வெற்றிலை, பாக்கு, இரண்டு சீப்பு வாழைப்பழம், இவற்றுக்கு நடுவில் சந்தனப் பொட்டு வைத்த ஒரு பாட்டில், எல்லாவற்றையும் தாம்பாளத்தில் ஏந்திக்கொண்டு ஊரே ஆவுடை வீட்டு வாசலுக்கு வந்தது. பெண் கேட்டு வருகிறார்கள் என்று நினைத்து ஒரு வெளியூர்க்காரர் ஒதுங்கி வழிவிட்டார்.

ஆவுடை வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "குடிக்கான் குடிக்கான்னு இத்தன வருசமா இந்த வாசல்ல வச்சு எங்களை மூணாம் மனுசராக்குன ஊரு, இன்னைக்குப் பொட்டு வச்சுத் தட்டுல தூக்கிட்டு வாரியளோ? கொஞ்சமாவது கூச்சம் இருக்கா?"

"தாயி, தொட்டி விழுந்துரும்" என்றார் சிதம்பரவேல்.

"விழட்டும்."

உள்ளேயிருந்து குத்தாலிங்கம் வந்தார், பின்னால் இருதயமேரி. ஹெட்மாஸ்டர் அவளைப் பார்த்துக் கும்பிட்டு, "நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கம்மா" என்றார்.

"நான் எடுத்தும் சொல்ல மாட்டேன், தடுத்தும் சொல்ல மாட்டேன் சார். கை மாஸ்டரோடது. நான் பக்கத்துல இருப்பேன், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு, வாசல் படியில் உட்கார்ந்து குடையை மடியில் வைத்துக்கொண்டாள்.

குத்தாலிங்கம் தாம்பாளத்தைப் பார்த்தார். பாட்டிலைப் பார்த்தார். அவர் பார்த்த மாத்திரத்தில் தரைக்கு அடியில் எதுவோ புரண்டு படுத்தது மாதிரி ஊர் குலுங்கியது. இதுவரை கிளாஸையும் தகரத்தையும் மட்டும் தொட்ட நடுக்கம் அன்றைக்கு மனிதர்களுக்குள் ஏறியது. நின்றவர்கள் நிற்க முடியாமல் ரோட்டிலேயே உட்கார்ந்தார்கள். தாம்பாளம் தரைக்கு வந்தது. ஒருநாளும் ஒரு சொட்டு தொடாத பெண்களுக்கும், தோத்திரம் பாடுகிறவர்களுக்கும், ஹெட்மாஸ்டருக்கும், நயினா பாய்க்கும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தோலுக்கு அடியில் எறும்பு ஊர்ந்தது. காது அடைத்தது. தொட்டி, வீடு, பிள்ளை குட்டி எல்லாம் எங்கோ தூரத்துக்குப் போய், உலகத்தில் சந்தனப் பொட்டு வைத்த அந்தப் பாட்டில் ஒன்றுதான் இருந்தது.

"இதையா... இதையாவே நீரு தெனமும்..." என்றார் செண்பகராஜ், பல் தந்தியடிக்க.

அப்போது கசங்காத வெள்ளைச் சட்டைக் கை ஒன்று பாட்டிலை நோக்கி நீண்டது. சிதம்பரவேல் வானத்தைப் பார்க்கவில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. மூடியில் அவர் விரல் படுவதற்குள் குத்தாலிங்கத்தின் உள்ளங்கை, அந்த ஊரில் ஆடாத ஒரே கை, பாட்டிலின் வாயை மூடியது.

"இருங்க தலைவரே."

"முடியல மாஸ்டர்."

"முடியாதுதான். எனக்கும் இப்ப முடியல. ஏறும், ஏறிக்கிட்டே போற மாதிரி இருக்கும். போவாது. மூச்சை விடுங்க. பக்கத்துல இருக்கிறவங்க கையைப் பிடிச்சுக்கிடுங்க. ஆவுடை, எலுமிச்சம்பழம் எத்தன கெடக்கோ அத்தனையும் பிழி."

ஆவுடை அண்டாவில் கரைத்துக் கொண்டுவந்தாள். குத்தாலிங்கம் பாட்டிலை விட்டுவிட்டு எழுந்தார். ஆட்டத்துக்கு நடுவே ஆடாமல் நடந்து, ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து, ஒரு சொட்டு சிந்தாமல் டம்ளரை வாயருகே பிடித்துக் குடிக்கவைத்தார். ஹெட்மாஸ்டர் விக்கி விக்கி அழுதுகொண்டே குடித்தார். அந்தக் கல்லீரல் படத்தைக் கழற்றிவிடுவதாக யாரும் கேட்காமலே சொன்னார். கடைசியில் மாஸ்டர் படிக்கு வந்தபோது இருதயமேரி குடையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள்.

"அக்கா, ஒங்களுக்குமா?"

"எனக்கு இருமல் மருந்து ஞாபகம் வந்துட்டு மாஸ்டர்" என்றாள் சின்னக் குரலில். "அந்தச் செவப்புக் கலரு, அந்த இனிப்பு, எல்லாம்."

அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, குடைமேல் இருந்த அவள் கையின் மேல் தன் கையை வைத்தார். அவள் சிரித்தாள்.

அது நின்றது. பிறகு இறங்கியது. வெயில் சாய்ந்து தெருவிளக்கு எரிந்தபோது, ஊர் தன் வேட்டியையும் சேலையையும் சரிசெய்துகொண்டு ஒன்றையொன்று பார்க்காமல் எழுந்தது. பாட்டிலைத் தொட யாருக்கும் தைரியம் இல்லை. கடைசியில் நயினா பாய் அதை ஒரு செத்த எலியைத் தூக்குவது மாதிரி இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போய்ச் சாக்கடையில் கவிழ்த்தார். வாழைப்பழங்களை ஆவுடை பிய்த்து எல்லாருக்கும் கொடுத்தாள். மறு வாரம் தொட்டியைக் காலி செய்து, ஆட்களை வைத்துப் பக்குவமாக இடித்து இறக்கினார்கள். புதியது வருகிறவரை ஊர் அடிபம்பில் வரிசையில் நின்றது. தன் பேர் துண்டு துண்டாகக் கீழே வருவதைச் சிதம்பரவேல் நின்று பார்த்தார். அதற்குப் பிறகு கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார்.

நடுக்கம் ஒரே நாளில் போகவில்லை. முதலில் ஊர் ஓரத்துத் தெருக்கள் அடங்கின. பிறகு கடைத்தெரு அடங்கியது. பிறகு ஓட்டலுக்குள் மட்டும் இருந்தது. கோடை மழை பெய்த சமயம், சாயந்தரம் கல் காயும்போது மாஸ்டருக்குப் பக்கத்தில் இருக்கும் சொம்பில் ஒரே ஒரு வளையம் எழுந்து அடங்கும், அவ்வளவுதான். அதை அவர் பார்த்துவிட்டு மாவை வீசப் போய்விடுவார். மத்தை மறுபடி கையில் எடுக்க வேண்டிவந்ததைப் பற்றிப் பெண்கள் முணுமுணுத்தார்கள். டெய்லரின் தையல் நேராகிவிட்டதைப் பார்த்துத் தென்காசி அவரைக் கைவிட்டது. இருதயமேரி செவ்வாய்க்கிழமை வருவதை மாதத்துக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டாள். வந்தாலும் பேச்சைவிடச் சால்னாவுக்குத்தான் அதிக நேரம் ஒதுக்கினாள்.

ஆனி மாதம் ஒரு நாள், கூட்டம் வரத் தொடங்கிய நேரத்தில், ஓட்டலில் டம்ளர்கள் எல்லாம் ஒரே சமயத்தில் கலகலத்தன. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பி மாஸ்டரைப் பார்த்தார்கள். செண்பகராஜ் பாதிப் புரோட்டாவோடு எழுந்தேவிட்டார். மாஸ்டர் வீசிய மாவைக் கல்லில் போட்டுவிட்டுத் தன் கையைப் பார்த்தார், பிறகு சொம்பைப் பார்த்தார், பிறகு கூட்டத்தைப் பார்த்தார்.

"நான் இல்ல" என்றார்.

நயினா பாய் நம்பாமல் கல்லாவிலிருந்து இறங்கி வந்தார்.

"அல்லா சத்தியமா நான் இல்ல பாய்" என்றார் குத்தாலிங்கம்.

வாசலில் சிதம்பரவேல் நின்றுகொண்டிருந்தார். கோயம்புத்தூர் பஸ்ஸிலிருந்து நேராக வந்திருக்கிறார் என்று கையிலிருந்த பையைப் பார்த்தாலே தெரிந்தது. சட்டை கசங்கியிருந்தது. ஆள் பாதியாக இளைத்திருந்தார். இரண்டு கையும் பக்கவாட்டில் அசையாமல் நேராகத் தொங்க, அவர் நின்ற படியில் இருந்த மணல் மட்டும் துள்ளிக்கொண்டிருந்தது. அவர் குடிப்பார் என்பதே அதுவரை ஊரில் யாருக்கும் தெரியாது.

"சாயந்தரம் ஆவுது மாஸ்டர்" என்றார். "வீட்டுக்குப் போவ முடியல. அதான் இங்கன வந்தேன்."

குத்தாலிங்கம் நயினா பாயின் மச்சினனைக் கூப்பிட்டுக் கல்லில் நிற்கச் சொன்னார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மூலையில் இருந்த பெஞ்சை இழுத்துப் போட்டு, தலைவரை உட்காரவைத்து, எதிரே தானும் உட்கார்ந்தார். ஆட்டம் கூடிக்கொண்டே போனது. ஓட்டலில் இருந்தவர்கள் யாரும் ஒன்றும் கேட்கவில்லை, யாரும் புத்தி சொல்ல எழுந்திருக்கவில்லை. ஒவ்வொருவரும் இடது கையால் தன் தன் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, இலையைப் பார்த்தபடி, வலது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.